பீரோவில் ஒரு பந்து

மழை நேரத்தில் குழந்தைகள் விளையாடுவதற்கென்றே எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் அரங்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் அதைத் திறக்க முடியாது. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் அந்தப் பாடுபட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

நான் விளையாட்டு டீச்சர். வேலைக்குச் சேர்ந்த அன்றே தலைமையாசிரியர் என்னைக் கையோடு கூட்டிப்போய் அந்த அரங்கத்தைக் காட்டினார். காட்டினார் என்றால், ஜன்னல் வழியாகத்தான். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு மரத்தரை. சுவரோரம் வலைப் பைகளில் புதுப் பந்துகள் தொங்கின. பள்ளியில் இருந்த பழைய பந்து, கயிறு, வளையம் எல்லாவற்றையும்கூட, இனி இவற்றுக்கு இடம் இதுதான் என்று உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டியிருந்தார்கள். வாசலுக்குக் குறுக்கே ஒரு ரிப்பன். சிவப்பாகக் கட்டியதாம். கட்டிய நாள் முதலாக வெயிலும் சாரலும் பட்டு ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது.

"மூக்கை எடுங்க டீச்சர். கண்ணாடியில ஆவி படியுது" என்றார் தலைமையாசிரியர்.

எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என் தலையெழுத்து. என் வேலையே இந்த அரங்கத்துக்காக உண்டாக்கப்பட்ட வேலையாம். அரங்கம் திறக்கிற அன்று நான் நிரந்தரம். அதுவரைக்கும் தற்காலிகம்.

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். என் கணவர் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர். எதையும் வேகவைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். "ரிப்பன் வெட்டுறதுதானே? கத்தரிக்கோல் இல்லேன்னா நம்ம கடையிலிருந்து கொண்டாரேன்" என்றார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு அப்படி இல்லை. நாங்கள் அப்போது என் நாத்தனார் வீட்டு மாடியறையில் இருந்தோம். நாத்தனார் நல்லவள்தான். ஆனால் நான் குழாயைத் திறந்தால் கீழேயிருந்து இருமுவாள். தனி வீடு தேடிப் போன இடத்தில் எல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்டது ஒரே கேள்வி, வேலை நிரந்தரமா என்று. ஆகவே என் தனிக்குடித்தனம் அந்த ரோஸ் ரிப்பனில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, ஏன் திறக்கவில்லை? திறந்து வைக்க வேண்டியவர் கல்வி அதிகாரி. அவர் நனைந்தால் தும்முவார். தும்ம ஆரம்பித்தால் ஒரு வாரம் கையெழுத்துப் போடமாட்டார். விழா மேடையோ திறந்த மைதானத்தில். அதனால் மழை வந்தால் விழா ஒத்திவைக்கப்படும் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள். மழைக்காலத்தில் எந்தத் தேதி வைத்தாலும் மழை வந்தது. அப்படியானால் வெயில் காலத்தில் திறந்தால் என்ன? இதைத்தான் நான் கேட்டேன். தலைமையாசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெயில் காலத்தில் மழை அரங்கத்துக்கு என்ன அவசரம் என்றார். இவ்வளவு பொறுப்பில்லாமல் ஒரு டீச்சர் கேள்வி கேட்டு அவர் பார்த்ததில்லையாம்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. காலையில் வானம் கொஞ்சம் கறுத்தாலே ஒலிபெருக்கி கரகரக்கும். "வானிலை சரியில்லை. மாணவர்கள் அவரவர் இருக்கையில் விளையாடவும்." பத்து மணிக்கு வெயில் பளிச்சென்று அடித்தாலும் அந்த அறிவிப்பு மாலை வரை செல்லும். ஒரு சுற்றறிக்கையை இன்னொரு சுற்றறிக்கைதான் மாற்ற முடியும். அதைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிடும். சூரியனுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கப் பொறுமை இருப்பதில்லை.

இருக்கையில் விளையாடுவது எப்படி என்று எனக்கு யாரும் படிப்பில் சொல்லித் தரவில்லை. இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். ஓட்டப்பந்தயம் என்றால் இரண்டு விரலால் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட வேண்டும். தலைமையாசிரியர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, விரல் சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கிறது, ஆகவே விரலால் நடந்தால் போதும் என்று திருத்தினார். கயிறு தாண்டுவதானால் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நாலாம் வகுப்பில் ஒரு குண்டுப் பையன் நினைத்து நினைத்தே தூங்கிப்போனான். அவனுக்குச் சிறந்த ஒத்துழைப்புக்கான பாராட்டு கிடைத்தது.

அந்த நாலாம் வகுப்பில்தான் ராட்டினம் இருந்தாள். பெற்றோர் வைத்த பெயர் வேறு. உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே சுற்றுவாள் என்பதால் மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் இது. அவள் ஒருநாள் என்னிடம், "டீச்சர், கால் அழுகுது" என்றாள். காலில் அடிபட்டதா என்று குனிந்து பார்த்தேன். அடி ஒன்றும் இல்லை. ஓடாததால் அழுகுகிறதாம். எனக்கு மனசு கேட்கவில்லை. போனால் போகிறது என்று, பந்து இல்லாமலே பந்து விளையாட்டு சொல்லிக்கொடுத்தேன். கையில் பந்து இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டியது, எறிய வேண்டியது, எதிரே இருப்பவர் பிடிக்க வேண்டியது. ஒருத்தரும் இருக்கையை விட்டு எழவில்லை. விதிக்குள்தான் எல்லாம்.

பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்கத் தலைகள் ஒரே பக்கமாகத் திரும்பி, ஒரே பக்கமாகத் திரும்பி வந்தன. ராட்டினம் ஒரு எறி எறிந்தாள் பாருங்கள், எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் போயிற்று. சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் ஜன்னலைக் கடந்துகொண்டிருந்தார். சட்டென்று குனிந்துவிட்டார்.

குனிந்ததுதான் தப்பாகப் போயிற்று. குனியாமல் இருந்திருந்தால் அவரும் சும்மா போயிருப்பார். நிமிர்ந்தவர் நேராக உள்ளே வந்தார். யார் எறிந்தது என்று கேட்டார். ராட்டினம் எழுந்து நின்றாள்.

"பந்தைக் கொடு."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தம் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்று பார்த்தேன். பீரோவைத் திறந்தார். கோப்புகளைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் பண்ணினார். வைத்தார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்து ராட்டினத்திடம், வேறு பந்து எடுத்துக்கொள்ளேன், எடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். அவள் என்னை அசடைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அது வேற பந்து டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சுற்றவே இல்லை. ராட்டினம் நின்றுபோனால் பார்க்கச் சகிக்காது.

பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறதே என்று அவள் அம்மா தலைமையாசிரியரைப் பார்க்க வந்தாள். தையல் வேலை செய்கிறவள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஊசி குத்திய விரலோடு வந்திருந்தாள். பந்து என்ன விலை ஆனாலும் வேறு வாங்கித் தந்துவிடுகிறேன், தப்பை மன்னித்துவிடுங்கள் என்றாள். தலைமையாசிரியர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"பந்து பெருசில்லம்மா. ஒழுக்கம்தான் பெருசு. இன்னைக்கு இல்லாத பந்தை ஜன்னல்ல எறியிற பிள்ளை, நாளைக்கு இருக்கிற பந்தையே எறியும். இல்லாதபோதே கண்டிச்சாத்தான் உண்டு."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கடைசியில் ஒருநாள் வானம் வெளுத்தது. துடைத்துவிட்ட மாதிரி நீலம். தலைமையாசிரியர் நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். அதிகாரி அலுவலகத்துக்கு ஆள் பறந்தது. மைதானத்தில் நாற்காலிகள் வந்தன, ஒலிபெருக்கி வந்தது, புதுக் கத்தரிக்கோல் தட்டில் வந்தது. அரங்கத்துக் கதவின் பூட்டைத் திறந்து, ரிப்பனை மட்டும் விட்டுவைத்தார்கள். குழந்தைகள் கைகட்டி வரிசையாக வெயிலில் உட்காரவைக்கப்பட்டார்கள். என் கணவர் காலையிலேயே இரண்டு வீடு பேசி வைத்துவிட்டார். சாயங்காலம் வேலை நிரந்தரமான கடிதத்தோடு வா, எந்த வீடு என்று பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அதிகாரி வந்தார். ஆள் வாட்டசாட்டம், வயிறு அவருக்கு ஓர் அடி முன்னால் வந்தது. தலைமையாசிரியர் வரவேற்றுப் பேசினார்.

"இந்த அரங்கத்தைக் கட்டி முடிச்சு இத்தனை நாளாச்சு. இன்னைக்கு வரைக்கும் தரையில ஒரு கீறல் உண்டா? சுவத்துல ஒரு கை அழுக்கு உண்டா? ஒரு பந்துல காத்து இறங்கியிருக்கா? மத்த பள்ளிக்கூடங்கள்ல அரங்கத்தைத் திறந்துவிட்டுட்டு, குழந்தைங்க உள்ள வந்துட்டாங்களேன்னு அவதிப்படுறாங்க. நாங்க அந்த நிலைமையை வரவிடல."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், என் வேலை ஆயிற்றே. அடுத்து அதிகாரி எழுந்தார். குழந்தைகளுக்கு இடைவேளை மிக மிக அவசியம் என்று ஆரம்பித்தார்.

"ஓய்வு இல்லாம மனுஷன் வேலை செய்ய முடியாது. என்னையே எடுத்துக்கங்க. மதியம் சாப்பிட்டப்புறம் என் அறைக்குள்ள யாரும் வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கேன். அதனாலதான் காலையில வந்து என்னால வேலையைத் தொடங்க முடியுது."

அதற்கும் கை தட்டல். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நேராக ரிப்பனுக்குப் போயிருக்கலாம். ஒரு குழந்தையோடு பேசிவிட்டு வெட்டினால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. முன்வரிசையில் கையை நீட்டினார். அந்தக் கை நேராக ராட்டினத்தின்மேல் போய் நின்றது.

"அரங்கத்துக்குள்ள போய் முதல்ல என்ன விளையாடப் போற பாப்பா?"

"பந்து விளையாடணும் சார். ஆனா என் பந்து பீரோவுல இருக்கு. சார் பூட்டி வச்சுட்டாங்க."

அதிகாரியின் முகம் மாறியது. அவரை வரவேற்ற மாலை சின்னதாக இருந்ததில் ஏற்கெனவே அவருக்கு மனத்தாங்கல். ஒலிபெருக்கி முன்னாலேயே நின்றுகொண்டு தலைமையாசிரியரைப் பார்த்தார். "குழந்தையோட பந்தைப் பூட்டி வச்சுட்டு அரங்கம் திறக்கிறீங்களா? முதல்ல பந்து வரட்டும். அப்புறம் பார்க்கலாம் ரிப்பனை" என்று கத்தரிக்கோலைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

தலைமையாசிரியர் மாட்டிக்கொண்டார். அப்படி ஒரு பந்தே இல்லை என்று சொன்னால், இல்லாத பந்துக்கு ஏன் ஒரு பிள்ளையைத் தண்டித்தாய் என்பார்கள். வேறு ஒரு பந்தைக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்றால், பள்ளிக்கூடத்துப் பந்து அத்தனையும் ரிப்பனுக்கு அந்தப் பக்கம். சாவியைத் தடவிக்கொண்டே அலுவலகம் பக்கம் நடந்தார். என் தனிக்குடித்தனம் அவர் பின்னாலேயே நடந்து போனது. மேற்கே வானம் மெல்லக் கறுக்க ஆரம்பித்தது. மணியடிக்கிற அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

தலைமையாசிரியர் திரும்பி வந்தார். இரண்டு கையையும் குவித்து, கீழே விழுந்துவிடாமல் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தார். அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். கைக்குக் கீழே பார்த்தார். "எங்கே பந்து?" என்றார்.

தலைமையாசிரியரின் முகத்தில் அப்படி ஒரு பரிதாபத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர்மேல் எவ்வளவோ ஆத்திரம் இருந்தது. அந்த நிமிஷம் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. விளையாட்டு டீச்சர் குரலில், "போடுங்க சார்" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். அவர் போட்டுவிட்டார்.

கொஞ்சம் உயரமாகப் போட்டுவிட்டார். ராட்டினம் பின்னாலேயே ஓடி, ஓர் எம்பு எம்பி, விழுந்து புரண்டு பிடித்தாள். எழுந்து பாவாடையில் பந்தைத் துடைத்தாள். எல்லாப் பிள்ளைகளும் ஓவென்று கத்தினார்கள். அத்தனை நாள் அடைத்து வைத்த சத்தம் அது.

அதிகாரி கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "எனக்கு ஒண்ணு போடு" என்றார்.

ராட்டினம் பெரியவர் என்று பார்த்து மெதுவாகத்தான் போட்டாள். அப்படியும் அவர் விட்டுவிட்டார். பந்து நாற்காலிகளுக்கு அடியில் உருண்டுவிட்டது என்று பிள்ளைகள் எல்லோரும் தேட ஓடினார்கள். அப்போதுதான் முதல் துளி விழுந்தது. அடுத்த துளிக்குள் பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். தும்மல் பயத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடினவர் அதிகாரிதான். கத்தரிக்கோல் தட்டிலேயே இருந்தது. ரிப்பன் அவர் வயிற்றில் பட்டு ஒரு கணம் இழுத்துப் பிடித்தது, பிறகு டப்பென்று அறுந்தது. அவர் பின்னால் ஆசிரியர்கள், பிரமுகர்கள், மணியடிக்கிற அண்ணன் எல்லோரும் சேற்றுக்காலோடு உள்ளே புகுந்தார்கள். அந்த முகம் பார்க்கும் தரையை நினைத்து எனக்கே ஐயோ என்றிருந்தது.

உள்ளே எள் போட இடமில்லை. தலைமையாசிரியர் ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், பிள்ளைங்களை வகுப்புக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வைங்க. வானிலை சரியில்ல. வேலை நிரந்தரம் ஆகணும்ல?"

நான் பிள்ளைகளைப் பார்த்தேன். மண்டியிட்டு நாற்காலி நாற்காலியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இடியில்லை, மின்னலில்லை, வெதுவெதுப்பான நல்ல மழை. ராட்டினம் தலையில் சொட்டச் சொட்ட வந்து, "டீச்சர், பந்து இன்னும் கிடைக்கல" என்றாள். மாடியறையும் நாத்தனாரின் இருமலும் கண் முன்னால் வந்து நின்றன. வந்தால் வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கிடைக்கிற வரைக்கும் தேடுங்க" என்றேன்.

தேடினார்கள். மைதானம் முழுக்க ஓடி ஓடித் தேடினார்கள். குண்டுப் பையன் தேங்கிய தண்ணீருக்குள் உட்கார்ந்தே தேடினான். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பொய் சொல்வானேன், எனக்கும் கால் அழுகித்தான் போயிருந்தது.

உள்ளே நடந்ததை மணியடிக்கிற அண்ணன் பிறகு சொன்னார். தரை பாழாகிறதே என்று தலைமையாசிரியர் எல்லோரையும் நின்ற இடத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டாராம். யாரும் காலை அசைக்கக் கூடாது. அதிகாரிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது, எப்போது வெளியே போகலாம் என்று கேட்டிருக்கிறார். மணி அடித்தால்தான் போகலாம், மழைநாள் விதி என்று பதில் வந்தது. மணியோ வெளியே, அடிக்கிறவர் உள்ளே. அதிகாரி விரலால் தரையில் நடந்து பார்த்தாராம். பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார், சத்தம் வருகிறது என்றாராம்.

இதற்கு நடுவில் தலைமையாசிரியர் இன்னொரு சிக்கலைக் கிளப்பினார். ரிப்பன் கத்தரிக்கோலால் வெட்டப்படவில்லை, ஆகவே அரங்கம் முறைப்படித் திறக்கப்படவில்லை, ஆகவே விளையாட்டு டீச்சர் இன்னும் தற்காலிகம்தான் என்றார். அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒரு கட்டடத்துக்குள்ள நுழைஞ்சா அது திறந்தாச்சுன்னு அர்த்தம். எதால திறந்தேன்னு கேட்க உங்களுக்கு அதிகாரம் இல்ல" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவர் வயிற்றுப் புண்ணியத்தில் எனக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று. இரண்டு வீட்டில் மாடிப்படி இல்லாத வீட்டையே எடுத்தோம். இப்போது குழாயை நான் வேண்டிய மட்டும் திறந்துவிடுகிறேன்.

அரங்கம்? அதை மறுநாளே மூடிவிட்டார்கள். சேற்றுத்தடம் போகத் தரையை இழைத்து மெருகு போட வேண்டுமாம். போட்டதும் மறுதிறப்பு விழா. புது ரிப்பன் கட்டியாகிவிட்டது, அதிகாரியிடம் வெயிலுள்ள தேதி கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் இருக்கையில் விளையாடும் அறிவிப்பு மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை. காணாமல் போன பந்தைத் தேட வெளியே அனுப்பிய பிள்ளைகளை, பந்து கிடைத்ததாக ஒரு சுற்றறிக்கை வந்தால்தான் உள்ளே கூப்பிட முடியும். அப்படி ஒரு சுற்றறிக்கையில் யாரும் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. ஆகவே இடியில்லாத மழை என்றால் நாலாம் வகுப்பு மைதானத்தில்தான். துண்டும் மாற்றுத்துணியும் நான் தயாராக வைத்திருக்கிறேன்.

உண்மையில் பந்தை ராட்டினம் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். என்னிடம் மட்டும் காதில் சொன்னாள்.

போன வாரம் தலைமையாசிரியர் குடையோடு வராந்தாவில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராட்டினம் அவரைப் பார்த்தாள், குறி வைத்தாள், எறிந்தாள். இந்தத் தடவை அவர் குனியவில்லை. குடையை நழுவவிட்டு இரண்டு கையாலும் லபக்கென்று பிடித்துவிட்டார். பிடித்தபிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நனைந்துகொண்டே நின்றார். கை மெல்லச் சட்டைப் பையில் இருந்த பீரோ சாவிப் பக்கம் போனது. ராட்டினம் மழையில் நின்றபடி கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி அலுவலகத்தைப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் திருப்பி எறிந்தார்.